பித்தப்பையும் நானும்



வானொலியில் பேச வருபவர்கள் பெரும்பாலும் தம்மிடம் உள்ள ஒன்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். தாம் கற்ற கலையைப் பற்றியோ, தாம் கண்டு வந்த நாட்டைப் பற்றியோ சொல்வார்கள். நான் இன்று என்னிடம் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது என் பித்தப்பை. 2018-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை அது என்னை விட்டுப் பிரிந்தது. பிரியும்போது பதினொரு கற்களைத் தன்னுள் சுமந்திருந்தது. மருத்துவர் அவற்றைச் சிறு குப்பி ஒன்றில் இட்டு என் கையில் கொடுத்தார். துவரம்பருப்பு அளவில் பல. ஊறிய கொண்டைக்கடலை அளவில் ஒன்று. மாட்டின் பித்தப்பையில் விளையும் கல்லுக்குக் கோரோசனை என்று பெயர். நாட்டு மருந்தில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. என் கற்களை எவரும் விலைக்குக் கேட்கவில்லை.

இப்போது சிரித்துக்கொண்டே சொல்லுகிறேன். ஆனால் அந்தக் கற்கள் போன பிறகு வந்த பதினான்கு மாதங்களில் நான் சிரித்த நாள்கள் மிகச் சில. அந்த மாதங்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதற்கு முன் அந்தப் பை உடலில் என்ன வேலை செய்கிறது என்பதைச் சிறிது பார்த்துக்கொள்வோம்.

மாணவ நேயர்கள் தங்கள் பாடப் புத்தகத்தில் அதன் படத்தைக் கண்டிருப்பார்கள். வலப்புற விலா எலும்புகளின் கீழே, கல்லீரலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு, பேரிக்காய் வடிவத்தில் ஒரு சிறு பை இருக்கும். பெயரைக் கொண்டு, பித்தநீரை உண்டாக்குவதே அந்தப் பைதான் என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். உண்மையில் பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை அது சுரக்கிறது. பித்தப்பை அந்நீரில் ஒரு பகுதியை வாங்கி வைத்துக்கொண்டு, அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிச் சுண்டக் காய்ச்சிய கஷாயம்போல் ஆக்குகிறது. அதன் கொள்ளளவு சிறிது. 30 முதல் 50 மில்லிலிட்டர்தான்.

இந்தப் பித்தநீர் எதற்கு? எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தலையில் தேய்த்த எண்ணெய் வெறுந்தண்ணீருக்குப் போகாது, சீயக்காய் வேண்டும். நாம் உண்ட நெய்யும் எண்ணெயும் குடலில் கரைவதற்கும் அத்தகைய ஒரு சீயக்காய் வேண்டும். பித்தநீரில் உள்ள உப்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. நெய்யூற்றிய சோறு முன்சிறுகுடலை அடைந்ததும், அங்கிருந்து ஒரு சுரப்பு இரத்தத்தில் கலந்து சென்று, பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. அந்தச் சுரப்பைப் பற்றி 1928-இல் அமெரிக்காவில் ஐவி, ஓல்ட்பர்க் என்னும் இருவர் எடுத்துக் கூறினார்கள். பை சுருங்குகிறது, பித்தநீர் வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு பாய்கிறது.

நான் காவிரிக் கரையில் பிறந்தவன். எனக்கு இதை வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தால்தான் மனத்தில் நிற்கிறது. கல்லீரல் ஓயாத ஊற்று. பித்தப்பை ஊற்று நீரைத் தேக்கி வைக்கும் ஏரி. அந்த ஏரிக்கு ஒரு மதகு உண்டு. வயலுக்கு நீர் வேண்டும்போது மதகு திறக்கும், வேண்டாதபோது மூடிக்கொள்ளும். ஏரியைத் தூர்த்துவிட்டால் ஊற்று நின்றுவிடுமா? நிற்காது. நீர் இரவும் பகலும் வாய்க்காலில் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். நடவு நாளில் நீர் போதாது. அறுவடை நாளில் தேவையின்றி ஓடும். பித்தப்பையை எடுத்துவிட்ட உடம்பின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

அப்படியானால் அதை எடுக்கலாமா என்று கேட்கத் தோன்றும். எடுக்கலாம். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. யானைக்கும் கிடையாது. எலிக்கு இல்லை, ஆனால் சுண்டெலிக்கு உண்டு. இயற்கையின் கணக்கு நமக்கு எளிதில் பிடிபடுவதில்லை. மனிதனும் அதின்றி வாழலாம் என்று துணிந்து முதன்முதலில் கத்தியை எடுத்தவர் கார்ல் லாங்கன்புக் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1882-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் பெர்லின் நகரத்தில் அது நடந்தது. நோயாளிக்கு வயது 43. பதினாறு ஆண்டுகளாகக் கல் நோயால் துடித்தவர். அதற்கு முன்பெல்லாம் பையைத் திறந்து கற்களை மட்டும் எடுத்துவிடுவார்கள். கற்கள் மீண்டும் விளையும். கல்லை எடுப்பதைக் காட்டிலும் கல் விளையும் நிலத்தையே எடுத்துவிட வேண்டும் என்பது லாங்கன்புக்கின் எண்ணம். அறுவை நடந்த மறுநாள் அந்த நோயாளி படுக்கையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாராம். வரலாறு கற்பிப்பவனாகிய எனக்கு அந்தச் சுருட்டின்மேல் ஒரு தனிப் பற்று. நோயாளி பிழைத்தார் என்பதை அதைவிட நன்றாக எந்தச் சான்றும் காட்டிவிட முடியாது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1985-இல், அதே ஜெர்மனியில் எரிக் மூஹே என்பவர் வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், சிறு துளைகளின் வழியே குழாய்களைச் செலுத்தி அந்தப் பையை எடுத்துக் காட்டினார். எனக்கு நடந்ததும் அம்முறைதான். வயிற்றில் நான்கு துளைகள். வயிற்றை உப்பச் செய்வதற்காகச் செலுத்திய வாயுவினால் இரண்டு நாள் தோளில் வலித்தது. வெட்டியது வயிற்றில், வலிப்பது தோளிலா என்று வியந்தேன். மூன்றாம் நாள் வீடு திரும்பினேன்.

"இனி எல்லாம் சாப்பிடலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். அது பொய்யன்று. அறுவை செய்துகொண்டவர்களில் மிகப் பலர் சில வாரங்களில் பழையபடி எல்லாம் உண்கிறார்கள். பித்தப்பை இல்லை என்பதையே மறந்துவிடுகிறார்கள். கல் நோயின் வலியை அறிந்தவன் நான். அறுவை செய்துகொண்டதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால் ஒரு சிலருக்கு வயிறு சொன்னபடி கேட்பதில்லை. அந்தச் சிலர் நூற்றுக்குப் பத்துப் பேர் என்றும் இருபது பேர் என்றும் ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுகிறது. நான் அந்தக் கணக்கிற்குள் வந்துவிட்டேன்.

வந்தது வயிற்றுப்போக்கு. இந்தச் சொல்லை வானொலியில் சொல்லலாமா என்று நிலையத்தாரிடம் தயங்கியே கேட்டேன். தாராளமாகச் சொல்லலாம் என்றார்கள். பதினான்கு மாதம் என் வீட்டிலேயே நான் சொல்லாத சொல் அது.

காலையில் சிற்றுண்டி உண்டு அரைமணி நேரம் ஆகுமுன் வயிறு கலங்கும். பிறகு பொறுக்க முடியாது. பொறுக்க முடியாது என்று நான் சொல்வதை நேயர்கள் அதன் முழுப் பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். எங்கள் வீடு கும்பகோணத்தில். நான் பணியாற்றும் கல்லூரி தஞ்சையில். இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நாள்தோறும் பேருந்துப் பயணம். ஒரு நாள் பாபநாசத்தைத் தாண்டியதும் வயிறு கலங்கிற்று. எழுந்து சென்று நடத்துநரிடம் காதோடு காதாகச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விசில் கொடுத்து, ஒரு பெட்ரோல் நிலையத்தின் அருகில் வண்டியை நிறுத்தச் செய்தார். நான் திரும்பி வரும்வரை ஐம்பது பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். எவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவராவது கடிந்து பேசியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அன்று முதல் நான் காலையில் உண்பதை நிறுத்தினேன். வெறும் வயிற்றில் காப்பி ஒன்று மட்டும். அதுவே பெரும் பிழை என்பது பின்னால்தான் தெரிந்தது. வெறும் வயிற்றுக் காப்பி குடலைத் தூண்டிவிடும். முதல் பாடவேளையை வேறு ஆசிரியருக்கு மாற்றிக் கொடுத்தேன். கும்பகோணத்திற்கும் தஞ்சைக்கும் இடையே எந்தெந்த இடத்தில் கழிப்பறை உண்டு, அவற்றுள் எதற்குப் பூட்டு உண்டு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். சோழர் தலைநகரங்களை வரிசையாகச் சொல்வதைவிட விரைவாக அவற்றைச் சொல்லுவேன். உடல் எடை எட்டு கிலோ குறைந்தது. அறுவை செய்த மருத்துவர் பத்தாம் நாள் பார்வையில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, தொல்லை இலேசாகத் தொடங்கியிருந்தும், "நன்றாக இருக்கிறேன்" என்றே சொல்லியிருந்தேன். பிறகு அவரிடம் போகவுமில்லை. ஆகையால் அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

2019-ஆம் ஆண்டு தை மாதத்தில் என் தமக்கையின் மகளுக்குத் திருமணம். மாயவரத்தில் நடந்தது. நான் தாய்மாமன். தாய்மாமன் இல்லாமல் எங்கள் குலத்தில் மணவறைச் சடங்கு நடவாது. மணவறையில் நின்றுகொண்டிருக்கும்போது வயிறு கலங்கினால் என்ன செய்வது? இரண்டு நாள் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில், முதல் நாள் நண்பகலுக்குப் பிறகு ஒன்றுமே உண்ணாமல் மணமண்டபம் போய்ச் சேர்ந்தேன். மாலை சார்த்தினேன், சீர் கொடுத்தேன், தாலி கட்டி முடிந்தது. தலை சுற்றிற்று. பந்தியில் இலை போட்டு என்னை அழைத்தார்கள். நெய் மணக்கும் பொங்கல், வடை, பாயசம். வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால், அவசர வேலை இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்திற்கு நடந்தேன்.

அக்காள் பின்னாலேயே வாசல்வரை வந்தாள். "ஒரே ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறேன். நீ கை நனைக்காமல் போகிறாயே, தம்பி" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு ஒன்பது மாதம் அவள் என்னோடு தொலைபேசியில் பேசவில்லை. சீரில் ஏதோ குறை கண்டு நான் கோபித்துக்கொண்டு போனதாக உறவினரிடையே பேச்சு. மாப்பிள்ளை வீட்டாரும் அதை நம்பினார்கள். ஒரு வாய்க்காலில் நீர் ஒழுங்காகப் பாயாததனால் இரண்டு குடும்பத்திற்கு இடையே மனத்தாங்கல்!

அந்த ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள். விசயநகரப் பேரரசைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரே பாடவேளையில் இரண்டு முறை வகுப்பை விட்டு வெளியே சென்றேன். அன்று மாலை ஒரு மாணவி ஆசிரியர் அறைக்கு வந்தாள். வாயிற்படியிலேயே நின்றாள்.

"ஐயா, தவறாக எண்ணக் கூடாது. எங்கள் அம்மாவுக்குப் பித்தப்பையை எடுத்த பிறகு இப்படித்தான் இருந்தது. தங்களுக்கும் அறுவை நடந்ததாகக் கேள்விப்பட்டேன். வயிறு, குடல் நோய்களுக்கென்று இருக்கும் மருத்துவரிடம் காட்டினோம். ஒரு தூள் கொடுத்தார்கள். இப்போது அம்மா ஊருக்கெல்லாம் போய் வருகிறார்கள்" என்றாள்.

சொல்லிவிட்டு, நான் விடை கூறுமுன் போய்விட்டாள். பதினெட்டு வயதுப் பெண் அவள். நான் இரண்டு பட்டங்கள் பெற்றவன். எனக்கு இல்லாத துணிவு அவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

அந்த வாரமே மருத்துவரைப் பார்த்தேன். அவர் ஒரு பெண்மணி. என்னைவிட வயதில் மிக இளையவர். உடனே மருந்து எழுதிவிடவில்லை. காய்ச்சல் உண்டா, குளிர் நடுக்கம் உண்டா, கண் மஞ்சளித்ததா, வலப்புற மேல்வயிற்றில் மீண்டும் வலி வந்ததா, மலத்தில் இரத்தம் கண்டதா, இரவில் தூக்கத்தினின்று எழுப்புகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பித்தக்குழாயில் கல் ஏதேனும் தங்கியிருக்கலாம். குடலில் வேறு நோய் இருக்கலாம். எடை குறைந்திருப்பதால் அவற்றை முதலில் விலக்க வேண்டும் என்றார். இரத்தம், மலம், வயிற்று ஒலிப்படம், குடலினுள் குழாய் விட்டுப் பார்த்தல், எல்லாம் நடந்தன. வேறு நோய் இல்லை என்று தெரிந்த பிறகே ஒரு தாளின் பின்புறத்தில் படம் வரைந்து எனக்கு விளக்கினார்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நானும் அன்று மாணவனாகவே கேட்டேன். பித்தநீர் தன் வேலையை முடித்தவுடன் வீணாகிப் போவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில், நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு பித்த உப்புகள் மீண்டும் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே கல்லீரலுக்கே திரும்புகின்றன. கல்லீரல் அவற்றை மறுபடியும் அனுப்புகிறது. உடலில் உள்ள மொத்தப் பித்த உப்புச் சில கிராம்தான். அதுவே ஒரு நாளில் பலமுறை சுற்றிச் சுற்றி வருகிறது. எவ்வளவு சிக்கனமான குடித்தனம் பாருங்கள்! ஏரி தூர்ந்த பிறகு சிலருக்கு இந்தச் சுழற்சி கலைந்துவிடுகிறது. உறிஞ்சியது போக எஞ்சியது மிகுதியாகப் பெருங்குடலுக்குள் இறங்கிவிடுகிறது. பெருங்குடலுக்கு அது ஆகாது. அங்கே அது நீரை இழுத்துக்கொண்டு, குடலையும் தூண்டி விரட்டுகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், தலைமடையில் மதகு இல்லாமையால் கடைமடை மூழ்குகிறது.

படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓராண்டுக்கு மேலாக நான் இதை என் ஒழுக்கக் குறைவுபோல் மறைத்து வந்திருக்கிறேன். இதற்கு மருத்துவ நூலில் பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது.

மருந்தின் பெயர் கொலஸ்டிரமின். பித்த உப்புகளைப் பற்றிக்கொண்டு, குடலைத் தொல்லை செய்யாதபடி வெளியே கொண்டுபோகும் ஒரு தூள். நீரில் கலக்கினால் கரையாது. ஆரஞ்சுச் சாற்றில் ஆற்று மணலைப் போட்டுக் குடிப்பதுபோல் இருக்கும். முதல் வாரத்தில் வெள்ளம் நின்று வறட்சி வந்துவிட்டது; மூன்று நாள் மலச்சிக்கல். மருத்துவர் அளவைப் பாதியாகக் குறைத்தார். அது பித்த உப்பை மட்டும் பற்றுவதன்று. உடன் விழுங்கும் வேறு மருந்துகளையும் பற்றிக்கொள்ளும். ஆதலால் என் இரத்த அழுத்த மாத்திரையைத் தூளுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே விழுங்கிவிட வேண்டும் என்று கட்டளை. மாணவியின் தாயார் உண்டது என்று நானே கடையில் வாங்கி உண்டிருந்தால், இதையெல்லாம் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

உணவைப் பற்றி ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொன்னார். மூன்று மாதம் எழுதினேன். பூரியும் பஜ்ஜியும் எனக்குப் பகை. வெறும் வயிற்றுக் காப்பியும் பகை. இட்லிக்குப் பின் அரைக் குவளை குடித்தால் பகையில்லை. நெய்யை அடியோடு விலக்க வேண்டியதில்லை. ஒரே வேளையில் மூன்று கரண்டி ஊற்றாமல் வேளைக்கு அரைக் கரண்டியாகப் பங்கிட்டால் வயிறு ஏற்றுக்கொள்கிறது. மூன்று பெரிய உணவை ஐந்து சிறிய உணவாக்கினேன். வாழைப்பழமும் ஓட்ஸ் கஞ்சியும் ஒத்துக்கொண்டன. எனக்குப் பால் ஒத்துக்கொள்ளும். அந்த மாணவியின் தாயாருக்கு ஒத்துக்கொள்ளாதாம். ஒருவர் குறிப்பேடு மற்றொருவருக்குப் பயன்படுவதில்லை. திருக்குறளில் மருந்து என்றோர் அதிகாரம் இருக்கிறது. கல்லூரி நாள்களில் அதைப் படித்தபோது, மருந்தின் பெயர் ஒன்றுகூட இதில் இல்லையே, உண்ணும் அளவைப் பற்றியே வள்ளுவர் பேசிக்கொண்டிருக்கிறாரே என்று குறைப்பட்டேன். அப்போது எனக்குப் பித்தப்பை இருந்தது.

இன்றும் முழுதும் குணமாகிவிட்டேன் என்று சொல்ல முடியாது. மாதத்தில் ஓரிரு நாள் வயிறு தன் பழைய குணத்தைக் காட்டும். ஆனால் முதல் பாடவேளையை மீண்டும் நானே நடத்துகிறேன். பேருந்தில் சன்னலோரத்தில் அமர்ந்து வயல்களைப் பார்க்கிறேன், கழிப்பறைகளை எண்ணுவதில்லை.

மருந்து தொடங்கிய இரண்டாம் மாதம் மாயவரத்திற்குப் போனேன். அக்காள் கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. கூடத்தில் அமர்ந்து, வயிற்றுப்போக்கு என்ற சொல்லில் தொடங்கி, பேருந்து, மணவறை, பெண் மருத்துவர், மணல் போன்ற தூள் வரை அனைத்தையும் சொன்னேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை என்னிடம் சொல்ல உனக்கு என்னடா வெட்கம்? உனக்கு நான் கால் கழுவிவிட்டு வளர்த்தவள் அல்லவா?" என்றாள். எழுந்து அடுக்களைக்குள் போனாள்.

இலை போட்டாள். இரண்டு இட்லி வைத்தாள். பொங்கல் ஒரே கரண்டி. நெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு?" என்று கேட்டாள். அரைக் கரண்டி என்றேன். அளந்து ஊற்றினாள். நான் உண்டு எழுந்து கை கழுவும்வரை அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.